புதுக்கோட்டை பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்



மலருக்கு ஒரு தலைவரின் வாழ்க்கை வரலாறு எழுதித் தரும்படி என்னைக் கேட்டார்கள். நான் பத்தாவது வரை படித்தவள். வீட்டு வேலை, ஆடு மாடு, குழுக் கணக்கு இதுக்கு நடுவுலதான் படிப்பதும் எழுதுவதும். யாரைப் பற்றி எழுதலாம் என்று யோசித்தபோது வெளியூர்க்காரர் யாரையும் தேட வேண்டியிருக்கவில்லை. நம்மில் பிள்ளை பெற்றவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது சொன்ன பெயர் ஒன்று இருக்கிறது. நர்ஸம்மா வந்து பதிவு செய்யும்போது, முத்துலட்சுமி பணம் வந்துருச்சா, இன்னும் வரலையா என்று கேட்கிறோமே, அந்தப் பெயர்தான். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம். 2018-லிருந்து ஊட்டச்சத்துப் பெட்டகமும் பணமுமாகச் சேர்த்து 18,000 ரூபாய். பணத்தைத் தெரிகிறது, அந்தம்மாவைத் தெரியவில்லை. எங்கள் குழுவில் கேட்டுப் பார்த்தேன். சென்னைக்காரர் என்று இரண்டு பேர் சொன்னார்கள். ரெட்டி என்றிருப்பதால் ஆந்திராக்காரர் என்று ஒருத்தர் சொன்னார். நம்ம புதுக்கோட்டை டவுனில் பிறந்தவர் என்று யாருக்கும் தெரியவில்லை.

அவர் பிறந்தது 1886-ஆம் வருடம் ஜூலை 30-ஆம் தேதி. அப்போது புதுக்கோட்டை மாவட்டம் கிடையாது. தொண்டைமான் ராஜா ஆண்ட தனி சமஸ்தானம். அப்பா நாராயணசாமி ஐயர். இன்றைக்கு மன்னர் கல்லூரி என்று நாம் சொல்கிறோமே, அந்தக் கல்லூரியில் முதல்வராக இருந்தவர். அம்மா சந்திரம்மாள். கோவிலுக்குப் பொட்டுக்கட்டி விடுகிற வழக்கம் இருந்த குலத்தில் பிறந்தவர். ஐயர் வீட்டு ஆள் அந்தக் குலத்துப் பெண்ணோடு குடும்பம் நடத்தியதால் அவருடைய சொந்தக்காரர்கள் அவரை ஒதுக்கி வைத்துவிட்டார்கள். ஊரும் இந்தக் குடும்பத்தை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தது. பிற்காலத்தில் அந்தம்மா செய்த காரியங்கள் எல்லாவற்றுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தக் காலத்தில் பெண் வயதுக்கு வந்துவிட்டால் பள்ளிக்கூடம் முடிந்துபோகும். முத்துலட்சுமிக்கும் அப்படித்தான் ஆனது. ஆனால் வீட்டிலேயே படிப்பு தொடர்ந்தது. அப்பா சொல்லிக்கொடுத்தார். தனித்தேர்வராக எழுதி 1902-இல் மெட்ரிகுலேசன் தேறினார். அம்மாவுக்கோ மகளைக் கட்டிக்கொடுத்துவிட வேண்டும் என்ற கவலை. எந்த அம்மாவுக்குத்தான் இருக்காது? மகள் மேலே படிக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார்.

மேலே படிக்க வேண்டுமென்றால் மகாராஜா கல்லூரிதான். அது ஆண்பிள்ளைகள் படிக்கிற கல்லூரி. 1904-இல் மனுப் போட்டபோது பெரிய எதிர்ப்பு. ஒரு பெண் வந்து உட்கார்ந்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்றார்கள். பிள்ளைகளை நிறுத்திவிடுவோம் என்று பயமுறுத்தினார்கள். பெண் என்பது மட்டும் அல்ல காரணம், தாயின் குலத்தையும் சேர்த்துத்தான் பேசினார்கள். கடைசியில் ராஜா மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் தலையிட்டு அவரைச் சேர்க்கும்படி உத்தரவு போட்டார். படிப்பதற்கு உதவித்தொகையும் கொடுத்தார். அந்தக் கல்லூரியில் சேர்ந்த முதல் பெண் இவர்தான். மூடின வண்டியில் வந்து இறங்கி, வகுப்பில் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பாடம் கேட்டார் என்று சொல்வார்கள். பேருந்தில் தொங்கிக்கொண்டு போகிற நம் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். மன்னர் கல்லூரி வாசலைத் தாண்டிப் போகும்போது நான் இப்போதெல்லாம் அந்தத் திரையை நினைத்துக்கொள்கிறேன்.

1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். இவருக்கு முன்பே சில பெண்கள் அங்கே படித்திருக்கிறார்கள். மேரி ஷார்லீப் என்ற வெள்ளைக்காரப் பெண்மணி 1875-லேயே சேர்ந்தவர். அதனால் முதல் பெண் டாக்டர் என்று சிலர் எழுதுவது சரியில்லை. ஆனால் பதக்கங்களோடு 1912-இல் பட்டம் பெற்று வெளியே வந்தபோது அவரைப்போல இன்னொரு பெண் இந்தப் பக்கத்தில் இல்லை. எழும்பூர் தாய் சேய் மருத்துவமனையில் வேலை பார்த்தார்.

1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியைக் கல்யாணம் செய்துகொண்டார். ரெட்டி என்ற பெயர் அப்படி வந்ததுதான். கல்யாணத்துக்கு முன்பே ஒரு நிபந்தனை வைத்தார். என்னைச் சமமாக நடத்த வேண்டும், என் காரியங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்பதுதான் அது. அவரும் ஒத்துக்கொண்டு, கடைசிவரை அப்படியே நடந்துகொண்டார். இரண்டு ஆண் பிள்ளைகள். மூத்தவர் ராம்மோகன், இளையவர் கிருஷ்ணமூர்த்தி.

தங்கை ஒருத்திக்குப் புற்றுநோய் வந்தது. ஆரம்பத்தில் சீதபேதி என்று நினைத்து வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். நோய் இன்னது என்று தெரிவதற்குள் கை மீறிவிட்டது. டாக்டரான அக்கா பக்கத்தில் இருந்தே தங்கை போய்ச் சேர்ந்தாள். இந்தத் துக்கம் அந்தம்மாவை விடவே இல்லை. 1925-இல் அரசாங்க உதவியோடு லண்டனுக்குப் போய், பெண்கள் குழந்தைகள் நோயைப் பற்றியும் புற்றுநோயைப் பற்றியும் படித்தார். கணவரும் பிள்ளைகளும் கூடவே போனார்கள்.

அங்கே இருந்தபோதுதான் நாட்டின் சார்பாக நிற்கிற முதல் வாய்ப்பு வந்தது. 1926-இல் பிரான்ஸ் நாட்டு பாரிஸ் நகரத்தில் பெண்கள் ஓட்டுரிமைக்கான உலக மாநாடு. பல நாட்டுப் பெண்கள் கூடினார்கள். இந்தியப் பெண்களுக்காக இவர் போனார். அப்போது சென்னை அடையாறில் இந்திய மாதர் சங்கம் என்று ஒன்று இருந்தது, 1917-இல் ஆரம்பித்தது. அன்னி பெசன்ட் அம்மையார், மார்கரெட் கசின்ஸ் போன்றவர்கள் இருந்த சங்கம். (இந்த மார்கரெட் கசின்ஸ்தான் 1919-இல் தாகூர் மதனப்பள்ளிக்கு வந்து தங்கியிருந்தபோது, நாம் இப்போது தேசிய கீதமாகப் பாடுகிற பாட்டுக்கு ஸ்வரம் எழுதிவைத்தவர். இதை நான் அறிந்தபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.) இப்படிப்பட்ட கூட்டங்களில் ஒவ்வொரு நாட்டுக்காரரும் தங்கள் கொடியோடு வருவார்கள். நமக்கு என்று அரசாங்கம் ஒத்துக்கொண்ட கொடி அப்போது ஏது? வெள்ளைக்காரன் கொடிதான். பொட்டுக்கட்டுகிற குலத்துத் தாயின் மகள் என்று கல்லூரி வாசலில் நிறுத்தப்பட்டவர், இருபத்திரண்டு வருஷத்தில் கொடி இல்லாத ஒரு நாட்டின் பெண்களுக்காகப் பாரிஸில் போய் நின்றார்.

சென்னை மாகாணத்தில் சொத்து உள்ள பெண்களுக்கு 1921-லேயே ஓட்டு வந்திருந்தது. சட்டசபைக்குப் போகிற உரிமை 1926-இல் வந்தது. அந்தத் தேர்தலில் கமலாதேவி சட்டோபாத்யாய நின்று கொஞ்ச ஓட்டில் தோற்றார். பிறகு மாதர் சங்கம் கேட்டுக்கொண்டபடி முத்துலட்சுமி அம்மையாரை நியமன உறுப்பினராகப் போட்டார்கள். வெள்ளைக்கார இந்தியாவில் சட்டசபைக்குள் போன முதல் பெண் அவர். 1927-இல் சபையின் துணைத் தலைவராக எல்லோரும் சேர்ந்து தேர்ந்தெடுத்தார்கள். முதலில் அவருக்குத் தயக்கம் இருந்தது. பிரசவம் பார்க்கிற கைக்குச் சட்டசபையில் என்ன வேலை, நோயாளிகள் என்ன ஆவார்கள் என்ற தயக்கம். பிறகு பெண்களுக்காகப் போய் உட்கார்ந்தார்.

அதே 1927-இல் ஒரு சோதனை வந்தது. காதரின் மேயோ என்ற அமெரிக்கப் பெண் இந்தியாவைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினாள். சின்னப் பெண்களைக் கட்டிக்கொடுப்பது, பிரசவத்தில் தாய்மார்கள் சாவது, கோவிலுக்குப் பெண்ணை விடுவது, சுத்தம் இல்லாமை எல்லாவற்றையும் எழுதி, இப்படிப்பட்டவர்களுக்குச் சுதந்திரம் எதற்கு என்று சொல்லாமல் சொன்ன புத்தகம். நாடே கொதித்தது. பக்கத்து வீட்டுக்காரி நம் வீட்டுக் குப்பையைத் தெருவில் கொட்டிப் பேசினால் எப்படி இருக்கும், அப்படி. சென்னையில் மாதர் சங்கத்தாரும் கூட்டம் போட்டுக் கண்டித்தார்கள்.

இந்த இடத்தில்தான் முத்துலட்சுமி அம்மையாரை நான் அதிகமாக மதிக்கிறேன். நாட்டைக் கேவலப்படுத்தினால் பொறுக்க மாட்டேன் என்பது ஒரு பக்கம். அதற்காக வீட்டில் குப்பையே இல்லை என்று அவர் சொல்லவில்லை. ஊரார் முன்னால் நாட்டின் மானம் போகக் கூடாது, அதனால் இந்த விஷயங்களை இப்போது எடுக்க வேண்டாம் என்று சொன்னவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். இவர் அதே வருஷம் நவம்பரில் பொட்டுக்கட்டும் வழக்கத்தை நிறுத்த வேண்டும் என்று சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். பால்ய விவாகத்துக்கு எதிராகவும் பேசினார். பெண்ணுக்குப் பதினாலு வயது ஆகாமல் கல்யாணம் கூடாது என்று 1929-இல் சாரதா சட்டம் வந்தது. அதற்கும் இவர் ஆதரவாக நின்றார். அதிகாரிகள் பார்வையிட வருகிறார்கள் என்றால் நாமும் குழுக் கட்டிடத்துக்குக் கோலம் போட்டு, உடைந்த நாற்காலியை உள்ளே தள்ளி வைக்கிறோம். வந்தவர் போனதும் நாற்காலி அங்கேயேதான் கிடக்கும். அந்தம்மா நாற்காலியைச் சபை நடுவில் எடுத்து வைத்தவர்.

பொட்டுக்கட்டு விஷயத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். நிலம் வைத்திருப்பவர்களுக்கு இது நன்றாகப் புரியும். கோவிலில் ஆடிப்பாடி ஊழியம் செய்கிற தாசிக்கு மானிய நிலம் உண்டு. ஊழியம் நின்றால் நிலம் போய்விடும். அதனால் அம்மாவுக்குப் பிறகு மகளுக்குப் பொட்டுக் கட்டுவார்கள். மகள் இல்லாவிட்டால் ஒரு சின்னப் பெண்ணைத் தத்து எடுத்துக் கட்டுவார்கள். பக்தி என்று வெளியே சொன்னாலும் உள்ளே சோற்றுக் கணக்கும் இருந்தது. இதை அந்தம்மா சரியாகப் பிடித்தார். 1929-இல் அறநிலையச் சட்டத்தில் அவர் கொண்டுவந்த திருத்தம் நிறைவேறியது. ஊழியம் செய்யாவிட்டாலும் நிலம் அந்தப் பெண்ணுக்கே, ஒரு சிறு வரி கட்டினால் போதும் என்று ஆயிற்று. நிலத்துக்காக மகளைக் கொடுக்க வேண்டிய கட்டாயம் அதோடு போனது. வெறும் தடை மட்டும் போட்டிருந்தால் அந்தக் குடும்பங்கள் நடுத்தெருவில் நின்றிருக்கும்.

எதிர்த்தவர்களில் முக்கியமானவர் தீரர் சத்தியமூர்த்தி. பெரிய தேசபக்தர், பேச்சில் வல்லவர், சிறைக்குப் போனவர். அவர் பிறந்தது எங்கே தெரியுமா? நம்ம திருமயம். 1887-ஆம் வருடம். அந்தம்மாவை விட ஒரு வயது இளையவர். ஒரே சமஸ்தானத்துக்காரர்கள் இரண்டு பேர் சென்னையில் போய் எதிர் எதிராக நின்றிருக்கிறார்கள். இது நம் பழைய கலை, பண்பாடு, இதை அழிக்கக் கூடாது என்பது அவர் பக்கத்து வாதம். அவருக்கும் நாட்டின் பெருமைதான் பெரிது. ஆனால் அந்தப் பெருமைக்காகப் பொட்டுக் கட்டிக்கொண்டது யார் வீட்டுப் பிள்ளை என்பதுதான் கேள்வி.

தாசிகளிலும் ஒரு பகுதியினர் சட்டம் வேண்டாம் என்று மனுக் கொடுத்தார்கள். பெங்களூர் நாகரத்தினம்மாள் அவர்களில் பெரிய பெயர். எங்கள் எல்லோரையும் கெட்டவர்களாகப் பேசுகிறீர்கள், எங்கள் சங்கீதமும் படிப்பும் என்ன ஆவது என்று கேட்டார்கள். அதிலும் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. இன்னொரு பக்கம் அதே குலத்தில் பிறந்து அதே கொடுமையை அனுபவித்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகப் போய் இந்த வழக்கத்துக்கு எதிராகப் பேசினார். நம் பெண் பிள்ளைகளுக்குக் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் வருகிறதே, புதுமைப் பெண் திட்டம், அது இவர் பெயரில் இருப்பதுதான். பிரசவத்துக்கு ஒருவர் பெயர், மகள் கல்லூரிக்கு ஒருவர் பெயர். அந்தக் காலத்தில் இரண்டு பேரும் ஒரே சண்டையில் நின்றவர்கள்.

கலை அழிந்ததா என்றால், நம் விராலிமலையைப் பார்க்கலாம். முருகன் கோவிலில் ஏழு வயதில் பொட்டுக் கட்டப்பட்டவர் முத்துக்கண்ணம்மாள். சதிர் ஆட்டம் தெரிந்தவர். 2022-இல் அவருக்கு பத்மஸ்ரீ விருது அறிவித்தார்கள். ஆட்டத்துக்கு நாடு மரியாதை செய்தது. பொட்டு இல்லாமலே அந்த ஆட்டத்தைப் பிறர் கற்றுக்கொள்ளவும் முடிகிறது. அவர் வாழ்ந்த வாழ்க்கையைக் கேட்டால் சந்தோசமும் துக்கமும் கலந்துதான் இருக்கும். அதை ஒரு வார்த்தையில் நல்லது கெட்டது என்று நாம் தீர்ப்பு எழுத முடியாது.

பொட்டுக்கட்டுவதையே குற்றமாக்கும் மசோதாவை 1930-இல் அந்தம்மா கொண்டுவந்தார். அது நிறைவேறுவதற்குள் உப்புச் சத்தியாகிரகம் வந்தது. காந்தியைக் கைது செய்தார்கள். உடனே சட்டசபைப் பதவியை ராஜினாமா செய்துவிட்டார். பதவியில் இருந்தால்தானே மசோதா நிறைவேறும், அதை விட்டுவிட்டு வரலாமா என்று நான் யோசித்துப் பார்த்தேன். எனக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை. சட்டம் வர மேலும் பதினேழு வருஷம் ஆனது. அதற்கு இடையில் எத்தனை பெண்ணுக்குப் பொட்டுக் கட்டினார்களோ. ஆனால் நாட்டின் தலைவரைச் சிறையில் போட்ட அரசாங்கத்தின் சபையில் உட்கார அந்தம்மாவின் மனசு ஒப்பவில்லை.

அதே காலத்தில் அந்தக் குலத்திலிருந்து தப்பி வந்த சில பெண்கள் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். விடுதிகளில் சேர்த்துக்கொள்ள மறுத்துவிட்டார்கள். தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அப்படி 1930-இல் ஆரம்பித்ததுதான் அவ்வை இல்லம். சென்னை அடையாறில் இன்றும் இருக்கிறது. ஜாதி பார்க்காமல் ஆதரவில்லாத பெண்களைச் சேர்த்துப் படிக்க வைத்த இடம். சோறு போட்டு உட்கார வைக்காமல், ஆசிரியை, நர்ஸ், தொழில் என்று படிக்க அனுப்பினார்கள்.

1931 தொடக்கத்தில் லாகூரில் அகில இந்திய மாதர் மாநாடு நடந்தது. அதற்கு இவர்தான் தலைமை. லாகூர் இப்போது பாகிஸ்தானில் இருக்கிறது. 1933-இல் அமெரிக்காவின் சிகாகோவில் உலகப் பெண்கள் மாநாடு. அங்கேயும் இந்தியாவுக்காகப் போனார். நாற்பது வருஷத்துக்கு முன்னால் விவேகானந்தர் போய்ப் பேசிய அதே ஊர். மேயோவின் புத்தகம் அமெரிக்காவில்தான் பரவலாக விற்றது. அதைப் படித்த மக்களுக்கு முன்னால் சேலை கட்டிய ஒரு இந்தியப் பெண், அறுவை சிகிச்சை படித்தவள், சட்டசபைத் துணைத் தலைவராக இருந்தவள், எழுந்து நின்றாள். என்ன பேசினார் என்பதை விட, அவர் அங்கே எழுந்து நின்றதே ஒரு பதில்தான் என்று நான் நினைக்கிறேன்.

இனி 1947. ஜூலை 22-ஆம் தேதி டெல்லியில் அரசியல் நிர்ணய சபை மூவர்ணக் கொடியை நாட்டின் கொடியாக ஏற்றுக்கொண்டது. ஆகஸ்ட் 14 இரவு சபை கூடியது. நேரு, ராதாகிருஷ்ணன் பேசினார்கள். பன்னிரண்டு மணி அடித்ததும் எல்லோரும் எழுந்து உறுதிமொழி எடுத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு நடந்த ஒரு சடங்கைப் பற்றி நம் பள்ளிக்கூடப் புத்தகத்தில் நான் படித்த ஞாபகம் இல்லை. ஹன்சா மேத்தா என்ற அம்மையார் எழுந்து, இந்தியப் பெண்கள் எல்லோர் சார்பிலும் தேசியக் கொடியை சபைத் தலைவர் ராஜேந்திர பிரசாத் கையில் கொடுத்தார். அந்தச் சபையின் மேலே முதலில் பறக்கப்போகிற கொடி பெண்கள் தந்த பரிசாக இருப்பதே பொருத்தம் என்பது அவர் சொன்னதன் சாரம். சரோஜினி நாயுடு கொடுப்பதாக இருந்தது, அவர் அன்று வர முடியாமல் போனதால் ஹன்சா மேத்தா கொடுத்தார். ஏறக்குறைய நூறு பெண்கள் சேர்ந்து கொடுக்கிற கொடி என்று சொல்லி அவர்கள் பெயர்ப்பட்டியலையும் கொடுத்தார். எல்லா மதமும் உண்டு அதில். துர்காபாய், அம்மு சுவாமிநாதன் என்று நம் சென்னை மாகாணத்தார் பெயர்கள் உண்டு. முத்துலட்சுமி ரெட்டி என்ற பெயரும் உண்டு.

அன்றைக்கு இரவு புதுக்கோட்டை என்ன நிலையில் இருந்தது என்று பாருங்கள். இங்கே ராஜகோபாலத் தொண்டைமான் ஆட்சி. சமஸ்தானம் 1948 மார்ச் 3-ஆம் தேதிதான் இந்தியாவோடு முழுசாகச் சேர்ந்து திருச்சி ஜில்லாவில் இணைந்தது. 1974 ஜனவரி 14-இல்தான் தனி மாவட்டம் ஆனோம். ஊர் வந்து சேர்வதற்கு முன்பே ஊர்ப் பெண்ணின் பெயர் கொடியோடு சேர்ந்துவிட்டது. பொட்டுக்கட்டு ஒழிப்புச் சட்டமும் அதே 1947 அக்டோபரில் சென்னை மாகாணத்தில் வந்தது.

இதை எழுதும்போது நம் ஊர்க் கொடியேற்றம் ஞாபகம் வருகிறது. சுதந்திர தினம், குடியரசு தினம் என்றால் ஊராட்சி அலுவலகத்தில் கொடி, மிட்டாய், பிறகு கிராமசபை. உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று ஆனபிறகு கயிறு நம் கைக்கு வந்துவிட்டது. ஆனால் சில ஊரில் கயிறு மட்டும்தான் தலைவி கையில், எப்போது இழுக்க வேண்டும் என்று சொல்வது பக்கத்தில் நிற்கிற வீட்டுக்காரர். சிரிக்காதீர்கள், எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். இன்னும் சில இடங்களில் பட்டியல் சமூகத்துத் தலைவர்களைக் கொடியேற்றவே விடுவதில்லை என்று செய்தி வந்து, 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளர் இறையன்பு எல்லாக் கலெக்டர்களுக்கும் கடிதம் எழுத வேண்டியதாயிற்று. கொடி ஏற்றுவது யார் என்பது இன்றும் சின்ன விஷயம் இல்லை. அதே வருஷம் வீட்டுக்கு வீடு கொடி ஏற்றச் சொன்னபோது பல ஊர்களில் மகளிர் குழுக்கள்தான் தைத்தும் விற்றும் கொடுத்தன. எங்கள் குழுவும் விற்றது. காசு பெரிதாக நிற்கவில்லை. ஆனால் வாங்க வந்த ஆண்கள் எல்லாம் எங்களிடம் மரியாதையாகப் பேசினார்கள், அது ஒரு லாபம்.

சுதந்திரம் வந்தபோது அந்தம்மாவுக்கு வயது அறுபத்தொன்று. ஓய்வு எடுத்திருக்கலாம். தங்கையின் சாவு மறக்கவில்லை. புற்றுநோய்க்குத் தனி ஆஸ்பத்திரி வேண்டும் என்று பல வருஷமாகவே கேட்டுக்கொண்டிருந்தார். வந்தால் சாகப்போகிற நோய்க்கு ஆஸ்பத்திரி எதற்கு என்ற எண்ணம் பெரிய இடங்களிலேயே இருந்த காலம். மாதர் சங்கத்தோடு சேர்ந்து வீடு வீடாக, ஊர் ஊராக நிதி திரட்டினார். 1952-இல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-இல் அடையாறில் பன்னிரண்டு படுக்கையோடு ஆரம்பமானது. ஓலைக் கொட்டகை மாதிரி சின்ன இடம். மகன் கிருஷ்ணமூர்த்தி அங்கே டாக்டராக இருந்தார். பிறகு டாக்டர் சாந்தா வந்து சேர்ந்து, தன் ஆயுசு முழுவதையும் அங்கேயே கழித்தார், 2021-இல் காலமானார். இன்றைக்கு அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரி என்றால் தெரியாதவர் இல்லை. நம் பக்கத்திலிருந்தும் ராத்திரி பஸ் ஏறிப் போய் அதிகாலையில் அந்த வாசலில் நிற்பவர்கள் உண்டு. மார்பில் கட்டி, கர்ப்பப்பைவாய்ப் புண் என்று வெட்கப்பட்டுச் சொல்லாமல் விட்டு, முற்றிய பிறகு போகிறவர்கள்தான் அதிகம். நம் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு இந்தச் சோதனை இலவசமாகச் செய்கிறார்கள். போய்ப் பாருங்கள். அந்தம்மாவின் தங்கைக்கு இப்படி ஒரு இடம் இருக்கவில்லை.

1956-இல் பத்மபூஷண் விருது கொடுத்தார்கள். 1968 ஜூலை 22-ஆம் தேதி, எண்பத்திரண்டு வயதுக்கு எட்டு நாள் இருக்கும்போது, காலமானார். கொடியை நாடு ஏற்றுக்கொண்ட அதே ஜூலை 22.

அவர் பிறந்த ஜூலை 30-ஆம் தேதியை மருத்துவமனை தினமாகக் கொண்டாட வேண்டும் என்று தமிழக அரசு 2019-இல் அறிவித்தது. வருகிற ஜூலை 30-க்கு நம் கூட்டமைப்பு அலுவலகத்தில் அவர் படம் ஒன்று மாட்டலாம் என்று போன கூட்டத்தில் பேசினோம். தீர்மானப் புத்தகத்தில் எழுதி எல்லோரும் கையெழுத்தும் போட்டாகிவிட்டது. சட்டம் போட ஆகும் செலவுக்குக் குழுவுக்கு ஐம்பது ரூபாய்.